காற்று வலுத்த நாளில் விண்ட்சர்ஃபிங்: களியக்காவிளை முதல் கன்னியாகுமரி வரை கேட்ட கேள்விகள்

நான் மார்த்தாண்டத்துக்காரன். ஒன்பது வருடமாக, கார் மேலே ஒரு பலகையும் மடக்கிய பாயும் கட்டிக்கொண்டு நம் கரையோரம் அலைகிறேன். டீக்கடையில் வண்டியை நிறுத்தினால் கேள்வி, பொழிக்கரையில் பாயை விரித்தால் கேள்வி, கல்யாண வீட்டில் சாப்பாட்டுப் பந்தியில்கூட கேள்வி. கேட்பவர்கள் மாறுகிறார்கள், கேள்வி மாறுவதில்லை. அதனால் கேட்டவர்கள் கேட்டபடியே எழுதி, பதிலையும் வைத்துவிட்டேன். முதலில் எளிதானவை, போகப்போகச் சிக்கலானவை.

இது என்னதாக்கும்? படகா, பலகையா?

இரண்டும்தான். மிதக்கும் பலகை ஒன்று, அதன் மேல் ஒரு பாய்மரம். பாய்மரம் பலகையில் இறுக்கி நிறுத்தப்பட்டிருக்காது. அடியில் ரப்பர் மூட்டு ஒன்று இருக்கிறது, அது எந்தப் பக்கம் வேண்டுமானாலும் சாயும். பாயைச் சுற்றி வளையமாக ஒரு கைப்பிடி, அதற்குப் பெயர் பூம். பலகைக்கு அடியில், பின்பக்கம், மீனின் துடுப்புபோல ஒரு ஃபின்.

சுக்கான் கிடையாது. நின்றுகொண்டு, பூமைப் பிடித்து, பாயை முன்னே சாய்த்தால் பலகையின் மூக்கு காற்றை விட்டு விலகும். பின்னே சாய்த்தால் காற்றை நோக்கித் திரும்பும். கயிறும் சுக்கானும் செய்கிற வேலையை உங்கள் உடம்பு செய்கிறது. பாயைக் கையை விட்டால் அது தண்ணீரில் விழுந்து பலகை நின்றுவிடும். இதைவிட எளிய பிரேக் எந்த வண்டியிலும் நான் பார்த்ததில்லை.

நம்ம கட்டுமரத்தப் பாத்துத்தானே வெள்ளைக்காரன் இதக் கண்டுபிடிச்சான்?

நாகர்கோவிலில் ஓர் ஆசிரியர் மூன்று முறை கேட்டுவிட்டார். ஆசைதான், ஆனால் இல்லை. 'கட்டமரான்' என்ற சொல் நம்முடைய கட்டுமரத்திலிருந்து போனது, அது உண்மை. விண்ட்சர்ஃபிங் வேறு கதை. 1964இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் நியூமன் டார்பி என்பவர் பாய் வைத்த பலகை ஒன்றைச் செய்தார். 1968இல் கலிபோர்னியாவில் ஜிம் டிரேக், ஹாயில் ஷ்வைட்சர் இருவரும் அந்தச் சாயும் மூட்டோடு கூடிய வடிவத்துக்குக் காப்புரிமை கேட்டார்கள். பிறகு இங்கிலாந்து நீதிமன்றத்தில் வழக்கு வந்தபோது, பீட்டர் சில்வர்ஸ் என்பவர் சிறுவனாக இருக்கையில் 1958இலேயே ஹேலிங் தீவில் இப்படி ஒன்றைச் செய்து ஓட்டியிருக்கிறார் என்று தெரிந்தது. 1985இல் அந்த நாட்டில் காப்புரிமை செல்லாமல் போயிற்று.

1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் ஆண்களுக்கும், 1992 பார்சிலோனாவில் பெண்களுக்கும் தனிப்போட்டி வந்தது. நம் நாட்டவரும் சும்மா இல்லை. 2023இல் நடந்த ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இபாத் அலி இதில் வெண்கலம் வாங்கினார்.

கட்டுமரத்துல பாய் விரிச்சு ஓட்டினவனுக்கு இதெல்லாம் சும்மா வருமே?

பாதி வரும். வள்ளவிளையில் ஒரு தாத்தா இப்படிச் சொல்லிவிட்டு ஏறினார். ஏழு தடவை விழுந்தார், ஏழு தடவையும் சிரித்தார். கட்டுமரத்தில் பாயின் மூலையை இழுத்துப் பிடிக்கத் தாமான் கயிறு இருக்கும், அதைத் தளர்த்தினால் பாய் காற்றை விட்டுவிடும். இங்கே தாமான் உங்கள் பின்கைதான். கயிறாக இருந்ததைக் கையாக மாற்றிக்கொள்ள உடம்புக்கு நாளாகும்.

ஆனால் காற்றைப் படிப்பதில் அவரை மிஞ்ச எனக்கு இன்னும் இருபது வருடம் வேண்டும். தூரத்தில் தண்ணீரின் நிறம் கொஞ்சம் கறுப்பதைப் பார்த்து, "இப்ப ஒரு அடி வருது, குனிஞ்சுக்க" என்றார். நான் நிமிர்ந்து பார்ப்பதற்குள் வந்துவிட்டது.

எனக்கு நீச்சல் தெரியாது. லைஃப் ஜாக்கெட் போட்டா போதாதா?

போதாது. லைஃப் ஜாக்கெட் மிதக்க வைக்கும், பலகையிடம் திரும்பக் கொண்டுபோய்ச் சேர்க்காது. விழுந்ததும் முதல் வேலை பலகையைப் பிடிப்பது. பாய் உங்கள் மேல் கவிழ்ந்து கிடக்கும்போது பதறாமல் அடியில் நகர்ந்து வெளியே வர வேண்டும். அதற்குத் தண்ணீரோடு பழக்கம் வேண்டும். குளத்திலோ ஆற்றிலோ நூறு மீட்டர் நிதானமாக நீந்தப் பழகிவிட்டு வாருங்கள். அப்புறமும் ஜாக்கெட் போட்டுத்தான் ஆக வேண்டும்.

எவ்வளவு காற்று இருந்தா நல்லது?

புதிதாகக் கற்பவருக்கு 6 முதல் 10 நாட். ஒரு நாட் என்றால் மணிக்கு 1.852 கிலோமீட்டர். 12 நாட் தாண்டினால் கடலில் வெள்ளை நுரை அங்கங்கே தெரியத் தொடங்கும். ஓரளவு பழகியவருக்கு ஆட்டம் தொடங்குவது அங்கேதான். 15 முதல் 20 நாட் வரை நான் வேலைக்கு லீவு போடும் காற்று. 25க்கு மேல் போனால் கரையில் உட்கார்ந்து கட்டன் சாயா குடித்துக்கொண்டு அடுத்தவர் ஓட்டுவதைப் பார்ப்பேன்.

பலமா அடிச்சா அவ்வளவு ஜாலிதானே? ஏன் 25க்கு மேல பயம்?

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் பாயின் மேல் விழும் விசை இரண்டு மடங்காவதில்லை, நான்கு மடங்காகிறது. 10 நாட்டில் ஒரு பையைத் தூக்குவதுபோல் இருந்தது 20 நாட்டில் நான்கு பை. வலுத்த நாளில் காற்று ஒரே சீராகவும் வராது. 15இல் அடித்துக்கொண்டிருந்தது ஒரு வீச்சுக்கு 21 ஆகும். கேட்க ஆறு நாட்தான் கூடியிருக்கிறது, கையில் இழுப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடும்.

அதனால்தான் காற்று கூடக்கூடப் பாயைச் சின்னதாக்குகிறோம். சுமார் 75 கிலோ எடையுள்ள ஒருவர் 12 நாட்டில் 7 சதுர மீட்டர் பாய் பிடிப்பார், 20 நாட்டில் 5 சதுர மீட்டரைச் சுற்றி, 25இல் அதற்கும் கீழே. ஒரே ஒரு பெரிய பாயை வாங்கி வைத்துக்கொண்டு எல்லா நாளும் ஓட்ட நினைப்பவர்கள் சீக்கிரம் அதை விற்றுவிடுகிறார்கள்.

பலகை எவ்வளவு பெரிசு வேணும்?

பலகையை லிட்டரில் அளப்பார்கள். உங்கள் எடை கிலோவில் எவ்வளவோ அதைவிட லிட்டர் நன்றாகக் கூட இருக்க வேண்டும். தொடக்கத்தில் 150 முதல் 220 லிட்டர் வரை, அகலமாக, நடுவில் டாக்கர்போர்டு என்ற இறக்கி ஏற்றும் தகடு உள்ளதாகப் பாருங்கள். குட்டிப் பலகை வீடியோவில் அழகு. ஆரம்பக்காரன் காலுக்குக் கீழே அது முங்கிப் போகும்.

காத்து இருக்கு, பாய் இருக்கு. வேற என்ன பாக்கணும்?

திசை. வேகத்துக்கு முன்னால் திசை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பதானால் இதைப் படியுங்கள்.

கடலிலிருந்து கரைக்கு நேரே அடித்தால் ஆபத்து குறைவு, ஆனால் அலையைத் தாண்டி உள்ளே போவதே பெரும்பாடு. கரையை ஒட்டிப் பக்கவாட்டில், கொஞ்சம் கரை நோக்கிச் சாய்வாக அடித்தால் அதுதான் நல்ல நாள். போகவும் முடியும், எது நடந்தாலும் கரையில் எங்காவது ஒதுங்குவீர்கள். கரையிலிருந்து கடலுக்கு அடிக்கும் காற்றில் போகவே கூடாது. மோட்டார் வராத காலத்தில் நம் மீனவர்கள் விடியலில் கரைக்காற்றில் பாய் விரித்துப் போய், பிற்பகல் கடற்காற்றில் திரும்பினார்கள். அவர்களிடம் காற்று மாறும் நேரத்தின் கணக்கு இருந்தது, ஆளோடு துளவை என்ற துடுப்பும் இருந்தது. உங்களிடம் இருப்பது ஒரு பலகை.

இங்கே இருப்பவர்களுக்கு ஒரு விசேஷச் சிக்கலும் உண்டு. நம் மாவட்டம் கடலுக்குள் நீட்டிய மூக்கு மாதிரி. ஆனி, ஆடியில் கச்சான் காற்று மேற்கிலிருந்து வருகிறது. நீரோடி, தூத்தூர், குளச்சல் பக்கம் அது கடலிலிருந்து கரைக்கு வருகிற காற்று. அதே காற்று ஆரல்வாய்மொழிக் கணவாயில் நுழைந்து மலையைத் தாண்டி, கன்னியாகுமரிக்குக் கிழக்கே போனதும் கரையிலிருந்து கடலுக்குப் போகிற காற்றாகிவிடும். ஒரு மணி நேர வண்டித் தூரத்தில் நல்லது கெட்டதாக மாறுகிறது.

வட்டக்கோட்டைப் பக்கம் கடல் குளம் மாதிரி கிடக்கு, காத்தும் ஜோரா இருக்கு. அங்க ஓட்டலாம்லா?

அந்தக் குளத்தில்தான் நான் மாட்டினேன். நான்கு வருடத்துக்கு முன்னால், ஓர் ஆவணி மாதம். மேற்குக் கரையில் அலை தென்னை உயரம் என்று எல்லோரும் பயமுறுத்தினார்கள், கிழக்கே வந்து பார்த்தால் தண்ணீர் சொன்னபடி கேட்கிறது. ஏன் அப்படி அமைதி என்று யோசித்திருக்க வேண்டும். காற்று தரையிலிருந்து வருகிறது, அலை எழும்ப அதற்கு இன்னும் தூரம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். கரையோரம் மரங்களும் மேடும் காற்றை மறைத்துக்கொண்டும் இருந்தன.

கால் மணி நேரம் சொர்க்கம். கரையை விட்டு விலக விலகக் காற்று கூடியது, சின்னச் சின்ன அலை எழும்பியது. கையில் ஆறரை மீட்டர் பாய், அந்தக் காற்றுக்கு மிகப் பெரியது. விழுந்தேன். பாயைத் தூக்க முடியவில்லை. ஒவ்வொரு முயற்சிக்கும் கோட்டை கொஞ்சம் சின்னதாகத் தெரிந்தது. சின்னமுட்டத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஃபைபர் வள்ளம் ஒன்று பார்த்து வந்து ஏற்றிக்கொண்டது. வள்ளத்தில் இருந்த அண்ணன் திட்டவில்லை. "காத்து கரையில இருந்து அடிக்கும்போ பாய விரிச்சா, போறதுக்குத்தான் டிக்கெட்டு, வாறதுக்கு இல்ல மக்கா" என்றார். பாயைக் காயப்போடும்போதெல்லாம் அந்தக் குரல் கேட்கிறது.

அதனால் பதில்: கச்சான் காலத்தில் அங்கே ஓட்டக் கூடாது. இன்னும் கிழக்கே போனால் கூடங்குளம் அணுமின் நிலையக் கரை, அது காவல் உள்ள இடம், எந்தக் காலத்திலும் அந்தப் பக்கம் வேண்டாம்.

சரி, அப்ப ஆடி மாசம் மேற்குக் கரையில ஓட்டலாமா? காத்து கரைக்குத்தானே வருது?

திசை சரி, கடல் சரியில்லை. ஒரு கன மீட்டர் கடல்நீர் ஒரு டன்னுக்கு மேல். அந்தக் காலத்து அலை கரையில் வந்து உடையும்போது பாய்மரத்தை முருங்கைக்காய் மாதிரி ஒடிக்கும், நடுவில் நீங்கள் இருந்தால் உங்களையும் விடாது. தூண்டில் வளைவுகள், கடலரிப்புக்குப் போட்ட பாறைக் குவியல்கள் வேறு வரிசையாக நிற்கின்றன. மேற்குக் கரையில் ஜூன், ஜூலை இரண்டு மாதமும் விசைப்படகுகளுக்கே தடைக்காலம். ஒலிம்பிக் ஆட்டக்காரர்கள் அலையில் பறப்பதைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். அவர்களுக்குக் கரையில் மீட்புப் படகு நிற்கிறது.

அப்ப எங்கதான், எப்பதான் ஓட்டுகது?

இரண்டு காலம், இரண்டு இடம். ஜனவரி முதல் ஏப்ரல் வரை மேற்குக் கரைக் கடல். காலையில் தரைக்காற்று, அதைத் தொட வேண்டாம். பதினொரு மணிக்கு மேல் வெயில் ஏறி மண் சுட்டதும் கடற்காற்று கிளம்பும், இரண்டு மூன்று மணிக்கு அது நன்றாக நிலைக்கும். மிதமான காற்று, அடங்கிய அலை, கற்றுக்கொள்ள இதைவிட நல்ல காலம் இல்லை. மணவாளக்குறிச்சிப் பக்கம் போனால் செருப்பைக் கழற்றாதீர்கள். கருமணல் மதியம் அடுப்பு மாதிரி இருக்கும்.

காற்று வலுத்த ஆனி, ஆடி, ஆவணியில் கடலை விட்டுவிட்டுக் கழிமுகத்துக்கு வாருங்கள். பழையாறு சேரும் மணக்குடிக் காயல் எனக்குப் பிடித்த இடம். கடலுக்கு அடிக்கிற அதே காற்று இங்கேயும் வரும், அலை மட்டும் வெளியே நின்றுவிடும். கெட்டது நடந்தால் அலையாத்திச் செடிகளில் போய்ச் செருகிக்கொள்வீர்கள், முழங்காலளவு சேற்றில் நடந்து வரலாம். அவமானம்தான், ஆபத்து இல்லை. 2004 சுனாமி பழைய பாலத்தையே தூக்கிப்போட்ட இடம் இது, அதனால் முகத்துவாரப் பக்கம் எனக்கு எப்போதும் ஒரு மரியாதை உண்டு. தேங்காப்பட்டணத்தில் குழித்துறையாறு சேரும் இடத்தில், உள்ளே ஆறு அகலமாக இருக்கும் பகுதி மட்டும் சரி. துறைமுக வாயில் பக்கம் நினைத்தும் பார்க்காதீர்கள். அந்த மணல்திட்டில் கவிழ்ந்து அனுபவம் உள்ள மீனவர்களே உயிர் விட்டிருக்கிறார்கள்.

காயல்ல ஆபத்தே இல்லைன்னா, பிள்ளைகள தனியா விடலாமா?

ஆபத்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. பொழி என்று ஒன்று இருக்கிறது. கோடையில் கடல் மணலைத் தள்ளி முகத்துவாரத்தை அடைத்துவிடும், காயல் ஏரி மாதிரி நிற்கும். மழையில் தண்ணீர் ஏறினால் பொழி தானாக உடையும், அல்லது வெட்டிவிடுவார்கள். அந்த நாளில் மொத்தக் காயலும் ஒரே வாசல் வழியாகக் கடலுக்கு ஓடும். காற்று உங்களை உள்ளே தள்ளினாலும் நீர் வெளியே இழுக்கும், ஜெயிப்பது நீர்தான். கரைக்கு வந்ததும் ஒரு தேங்காய் மட்டையைத் தண்ணீரில் போட்டு ஐந்து நிமிடம் பாருங்கள். பொழியை நோக்கி அது வேகமாகப் போனால் பலகையை இறக்க வேண்டாம். பிள்ளைகளைத் தனியாக விடவே வேண்டாம்.

காத்த எப்படிப் பாக்குகது? ஃபோன்ல ஆப் போதாதா?

விண்டி, விண்ட்குரு இரண்டையும் பார்ப்பேன். ஆனால் மலையும் கணவாயும் உள்ள நம் பகுதியில் அவை அடிக்கடி ஏமாறும். எனக்கு முப்பந்தல் காற்றாலைகள்தான் பெரிய கருவி. விசிறி எந்தப் பக்கம் முகம் காட்டி நிற்கிறதோ அங்கிருந்துதான் காற்று வருகிறது. எல்லாம் மேற்கைப் பார்த்துச் சுழன்றால் கச்சான் கணவாயில் வந்துவிட்டது. நாகர்கோவிலில் வேலை பார்க்கும் நண்பன் அந்த வழியாகப் போனால் எனக்கு ஃபோன் செய்து "எல்லாம் சுத்துது" என்று மட்டும் சொல்லி வைத்துவிடுவான்.

கரைக்கு வந்தபின் கோயில் கொடி, தென்னை ஓலை, தண்ணீரின் நிறம். தென்னந்தோப்பு காற்றை மறைக்கும் பக்கமாக நின்றால் கவனம். மரத்தின் உயரத்தைப்போல் குறைந்தது பத்து மடங்கு தூரத்துக்குக் காற்று குழம்பிக் கிடக்கும், திடீரென்று நிற்கும், திடீரென்று உதைக்கும். அப்புறம் பேச்சுவார்த்தை: வலை பின்னிக்கொண்டிருக்கும் பெரியவரிடம் "மாமா, இன்னைக்கு எப்படி?" என்று கேளுங்கள். அவர் தலையாட்டினால் வண்டியைத் திருப்பிவிடுங்கள்.

போறது சரி. எதிர்காத்துல எப்படி மக்களே திரும்பி வாறது?

நேராக எதிர்காற்றில் எந்தப் பாயும் போகாது. காற்று வரும் திசைக்கு இரண்டு பக்கமும் ஏறக்குறைய 45 டிகிரி வரை பலகை நின்றுவிடும். அதற்கு வெளியே சாய்வாகப் போகலாம். அதனால் இடப்பக்கம் சாய்ந்து கொஞ்ச தூரம், திரும்பி வலப்பக்கம் சாய்ந்து கொஞ்ச தூரம், மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவில் ஏறுவது மாதிரி. ஒவ்வொரு திருப்பமும் பாய்மரத்தின் முன்னால் சுற்றி நடந்து மறுபக்கம் போவது. முதல் வாரம் முழுக்க இந்த ஒன்றையே பழகுங்கள்.

ஒரு பழக்கம் சொல்கிறேன். கிளம்பியதும் முதல் பத்து நிமிடம் காற்றுக்கு எதிர்ப்பக்கமே ஏறிப் போங்கள். ஏற முடிந்தால் அன்றைக்கு விளையாடலாம். முடியவில்லை என்றால் கரை பக்கத்தில் இருக்கும்போதே தெரிந்துவிட்டது.

வீச்சு வரும்போதெல்லாம் பாய் என்னைத் தூக்கி முன்னால எறியுது. என்ன செய்ய?

எல்லோரையும் எறிகிறது. தண்ணீர் கறுத்து வருவதைப் பார்த்ததும் முழங்காலை மடக்கிப் பிட்டத்தைத் தாழ்த்துங்கள், எடையைப் பின்காலுக்குக் கொண்டுபோங்கள். அப்படியும் இழுத்தால் பின்கையைத் தளர்த்துங்கள், தாமானை விடுவதுபோல. பாய் கதவு மாதிரி திறந்து காற்றை விட்டுவிடும். பயத்தில் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடிப்பவர்தான் பறக்கிறார்.

ஹார்னஸ் என்ற இடுப்புப் பட்டை மாட்டியிருக்கும்போது மட்டும் சட்டம் வேறு. இடுப்பு பாயோடு கொக்கியில் இருப்பதால், எறியப்படும் நேரத்தில் பூமை விட்டால் உடம்பு பாய்மரத்தில் போய் மோதும். அப்போது விடாமல் பிடித்துக்கொண்டு பாயோடு சேர்ந்து விழுங்கள். வலுத்த நாளில் ஹெல்மெட் போட வெட்கப்படாதீர்கள். பைக்கில் போடாத ஊர்க்காரர்களிடம் இதைச் சொல்வது கஷ்டம்தான்.

அரை மணி நேரத்துல கை மரத்துப் போகுது. ஜிம்முக்குப் போகணுமா?

வேண்டாம், ஹார்னஸ் வாங்குங்கள். பூமில் தொங்கும் கயிற்றில் இடுப்புக் கொக்கியை மாட்டினால் இழுப்பைக் கைக்குப் பதில் உங்கள் எடை தாங்கும். பூமைத் தோளுக்கும் தாடைக்கும் இடைப்பட்ட உயரத்தில் கட்டுங்கள். என்னைவிட மெலிந்தவர்கள் மூன்று மணி நேரம் ஓட்டுகிறார்கள்.

பெண்பிள்ளைகள் ஓட்டலாமா? சுடிதார்ல ஏறலாமா?

குழித்துறையில் கல்லூரி மாணவி ஒருவர் கேட்டது. முதல் பாதிக்கு ஒலிம்பிக் பதில் மேலே இருக்கிறது. இரண்டாம் பாதி: துப்பட்டாவும் தொளதொள டாப்பும் வேண்டாம், பூமிலும் கயிற்றிலும் சிக்கும். உடம்போடு ஒட்டிய முழுக்கை டீஷர்ட், லெக்கிங்ஸ், வழுக்காத ரப்பர் காலணி போதும். வெயிலுக்கும் அதுதான் நல்லது. அவர் இப்போது என்னைவிட நன்றாகத் திரும்புகிறார்.

கைட் வச்சு இழுத்துட்டுப் போறாங்களே, அது நல்லதா, இது நல்லதா?

கைட் குறைந்த காற்றிலும் ஓடும், பையில் மடக்கிக்கொள்ளலாம். ஆனால் இருபது மீட்டருக்கு மேல் நீளும் கயிறுகளோடு, தென்னையும் மின்கம்பியும் வள்ளங்களும் நெருங்கிய நம் கரையில் எனக்கு மனசு வரவில்லை. ராமேஸ்வரம் பக்கம் இடம் அகலம், அங்கே அதைக் கற்றுத்தருகிறார்கள்.

மீன்பிடிக்கிறவங்க சண்டைக்கு வர மாட்டாங்களா?

வலைக்கு மேல் போனால் வருவார்கள், வர வேண்டும். கரைமடி இழுக்கும்போது கடலில் அரைவட்டமாக வலையும் கரைக்கு இரண்டு கயிறும் இருக்கும். அந்த வட்டத்துக்குள் பலகையை விட்டால் மீன் கலையும், ஃபின் வலையைக் கிழிக்கும். ஒரு நாள் கூலி போச்சு. பிளாஸ்டிக் புட்டி, தெர்மாகோல் துண்டு வரிசையாக மிதந்தால் அடியில் வலை என்று எடுத்துக்கொள்ளுங்கள். நம் கத்தோலிக்க மீனவ ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை. அன்று வலை இருக்காது, ஆனால் கரை முழுக்கப் பிள்ளைகள். ஊரில் முதலில் ஒருவரிடம் சொல்லிவிட்டு இறங்குங்கள். உங்களைக் காப்பாற்ற வரப்போவதும் அவர்கள்தான்.

கேரளா பக்கம் போனா வேற சட்டமா?

காற்றுக்கு எல்லைக்கல் இல்லை, சோதனைச் சாவடியில் பலகையைப் பார்த்து "எந்தா இது?" என்று கேட்பதோடு சரி. பூவாறில் நெய்யாறு கடலைத் தொடும் இடம் அழகு. சுற்றுலாப் படகுகள் மொய்க்கும் நேரத்தில் பாய்க்கு அங்கே இடமில்லை, கூட்டம் குறைந்த நாளாகப் பாருங்கள். விழிஞ்ஞம் துறைமுகத்துக்குப் பெரிய கன்டெய்னர் கப்பல்கள் வருகின்றன, அந்தப் பாதையை விட்டு முழுக்க விலகி இருங்கள்.

நடுவுல ஏதாவது ஒடிஞ்சா?

பலகையை விட்டு நீந்தாதீர்கள். கரை பக்கத்தில் தெரிந்தாலும் சரி. பலகை மிதக்கும், தூரத்திலிருந்து கண்ணுக்கும் தெரியும், தலை தெரியாது. காற்று குறைவென்றால் பாயைப் பலகையின் பின்பக்கம் கிடத்தி, குப்புறப் படுத்துக் கையால் தள்ளி வாருங்கள். காற்று அதிகமென்றால் பாயைத் தளர்த்திப் பாய்மரத்தில் சுருட்டிக் கட்டி, அதன் மேல் படுத்துத் தள்ளுங்கள். காற்று வெளியே இழுக்கிறது, பாய் தடுக்கிறது என்றால் பாயைக் கழற்றி விட்டுவிடுங்கள். காசு போனால் போகட்டும்.

உதவி கேட்க இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டி மெதுவாக மேலே தூக்கி இறக்க வேண்டும், திரும்பத் திரும்ப. ஒரு கையை ஆட்டினால் டாட்டா காட்டுவதாக நினைத்துப் பதிலுக்கு ஆட்டுவார்கள், எனக்கு நடந்திருக்கிறது. தண்ணீர் புகாத உறையில் ஃபோன், கழுத்தில் விசில். கடலோரக் காவல்படை 1554, தமிழ்நாட்டுக் கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093. கரையில் ஒருவரிடம் எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று சொல்லிவிட்டுப் போங்கள்.

காத்தே இல்ல, வெயிலா இருக்கு. எதுக்கு கடல்ல இறங்கக் கூடாதுன்னு எச்சரிக்கை போடுறாங்க?

அது கள்ளக்கடல். பெயர் வைத்தவர்கள் கேரள மீனவர்கள். தெற்கே வெகு தூரத்தில், இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் ஒரு புயல் அலையைக் கிளப்பும். அந்த அலை சில நாள் பயணம் செய்து, இங்கே காற்றும் மேகமும் இல்லாத நாளில் கரையில் ஏறும். மேலே சொன்ன கொடி, ஓலை, காற்றாலை எதுவும் அதைக் காட்டாது. 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் 5 பேர் அலையில் போனது இப்படி ஒரு எச்சரிக்கை நாளில்தான். ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் இதை முன்கூட்டியே அறிவிக்கிறது. நான் ஆப்பில் காற்றைப் பார்ப்பதற்கு முன் அதைப் பார்க்கிறேன்.

ஒக்கி மாதிரி ஒண்ணு வந்தா என்ன செய்வ?

இது என் அம்மையின் கேள்வி, ஒவ்வொரு கார்த்திகையிலும். 2017 நவம்பர் 30இல் குமரிக் கடலில் தாழ்வு மண்டலமாக இருந்தது ஒரே நாளுக்குள் புயலாகிவிட்டது. நம் கரையில் எத்தனை வீட்டில் இன்னும் படத்துக்கு மாலை தொங்குகிறது என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் நவம்பர், டிசம்பரில் இலங்கைப் பக்கமோ குமரிக் கடலிலோ தாழ்வு நிலை என்று செய்தி வந்தாலே பலகை வீட்டில்தான். அன்று காற்று எவ்வளவு ருசியாக அடித்தாலும் சரி.

எங்க படிக்கலாம், எவ்வளவு ஆகும்?

கோவாவில் தேசிய நீர் விளையாட்டு நிறுவனம் இருக்கிறது, சென்னையில் பாய்ப்படகுச் சங்கங்கள் இருக்கின்றன. நம் பக்கத்தில் பள்ளி என்று சொல்ல நான் கண்டது இல்லை. புதுச் சாமான் முழுசாக வாங்கினால் ஒரு நல்ல பைக் விலைக்குக் குறையாது. பழையது வாங்குங்கள், பாயில் தையலையும் பாய்மரத்தில் விரிசலையும் மட்டும் பார்த்து வாங்குங்கள்.

இத்தனை பயமும் காட்டிட்டு, இதுல என்ன சுகம் கண்ட?

என் மைத்துனர் கேட்டார். மணக்குடியில் ஆடி மாதம், மூன்று மணி. முதலில் பலகை தண்ணீரைப் பிளந்து உழுதுகொண்டு போகும், கனமாக, சத்தமாக. ஒரு வீச்சு வரும். பின்னே சாய்ந்து எடையை ஹார்னஸில் போட்டதும் பலகை தன் அலையின் மேலேயே ஏறிவிடும். உழுவது நின்று தண்ணீர்மேல் வழுக்கத் தொடங்கும். அந்தக் கணத்தில் சத்தம் மாறுகிறது, கீழே கரகரவென்று ஒரு நடுக்கம் மட்டும். கையில் இருந்த பாரம் காணாமல் போகும். தென்னைகள் ஓடும், பாலத்தில் பஸ் நின்று பார்ப்பது தெரியும். முந்நூறு மீட்டர்தான் இருக்கும், காயல் முடிந்துவிடும், திரும்பும்போது விழுவேன்.

மைத்துனர் நம்பவில்லை. போன மாதம் ஏற்றிவிட்டேன், பெரிய பலகை, 4 மீட்டர் பாய், 9 நாட் காற்று. பத்து மீட்டர் நேராகப் போய் விழுந்தார். மாலையில் மரச்சீனியும் மீன்கறியும் சாப்பிட உட்கார்ந்தபோது கிழங்கைப் பிட்கக் கை வரவில்லை, உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். ஸ்பூன் கேட்டு வாங்கிக்கொண்டு, அடுத்த ஞாயிறு எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று கேட்டார்.